கடைசிப் பிள்ளைக்காகக் காத்திருந்த பள்ளி

தேர்வு முடிவோடு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது எத்தனையாவது ரேங்க் என்பதைத்தான். முதல் மூன்று இடத்துக்குள் வந்திருந்தால் வீட்டில் மகிழ்ச்சி. கடைசியில் நிற்கும் பிள்ளையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அது யார் வீட்டுப் பிள்ளை, ஏன் பின்தங்கியது என்று விசாரிப்பவர்களும் குறைவு.

அந்தக் கடைசிப் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, அவனுக்குப் புரியும் வரை மற்றவர்கள் அனைவரும் காத்திருக்க வேண்டும் என்று ஒரு பள்ளியை நடத்தினார் ஓர் அருள்பணியாளர். அங்கே நேற்று கற்றுக்கொண்ட பிள்ளை இன்று தன் தம்பி தங்கைகளுக்கு ஆசிரியர் ஆனான். இத்தாலி நாட்டின் மலைக்கிராமம் ஒன்றில் நடந்த இந்தப் பள்ளியின் பெயர் பார்பியானா. அருள்பணியாளரின் பெயர் லொரென்சோ மிலானி. அவருடைய வாழ்வை இன்று நாம் சற்றே சிந்தித்துப் பார்ப்போம்.

வசதியான வீட்டுப் பிள்ளை

லொரென்சோ மிலானி 1923-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். செல்வமும் கல்வியும் நிறைந்த குடும்பம் அது. அவருடைய கொள்ளுத்தாத்தா தொமெனிக்கோ கொம்பாரெத்தி புகழ்பெற்ற மொழியியல் அறிஞர். தாய் ஆலிசே வைஸ் திரியெஸ்தே நகரின் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் நூல்கள் இருந்தன, ஓவியங்கள் இருந்தன, பணியாளர்கள் இருந்தனர். இறைநம்பிக்கை மட்டும் இல்லை.

1930-இல் குடும்பம் மிலான் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1933-இல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத இரத்தம் உள்ள குடும்பங்களுக்கு வரப்போகும் ஆபத்தை உணர்ந்த பெற்றோர், அந்த ஆண்டில் கோவிலில் திருமணம் செய்துகொண்டு பிள்ளைகளுக்கும் திருமுழுக்குக் கொடுத்தனர். நம்பிக்கையால் அல்ல, பாதுகாப்புக்காகப் பெற்ற திருமுழுக்கு அது. ஆனால் மனிதர் அச்சத்தால் செய்ததையும் ஆண்டவர் தம் திட்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறார் என்பதை இந்த வாழ்வில் நாம் காண்கிறோம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் லொரென்சோ பல்கலைக்கழகம் செல்ல விரும்பவில்லை. ஓவியர் ஆக விரும்பினார். புளோரன்சில் ஹான்ஸ் யோவாகிம் ஷ்டவுட என்ற ஜெர்மானிய ஓவியரிடம் பயின்றார். பின்பு மிலானின் பிரேரா கலைக்கூடத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். ஒருநாள் ஏழைகள் வாழும் தெருவொன்றில் நின்று அவர் வெள்ளை ரொட்டி உண்பதைக் கண்ட ஒரு பெண், ஏழைகளின் தெருவில் நின்று அதை உண்ணலாமா என்று கடிந்துகொண்டதாகச் சொல்லப்படுகிறது. தம் தட்டில் இருப்பது பிறர் தட்டில் இல்லை என்ற உண்மை அவரை உறுத்தத் தொடங்கியது.

அழைத்தல்

1943-ஆம் ஆண்டு, இருபது வயதில், லொரென்சோ முழுமனத்தோடு கிறிஸ்துவிடம் வந்தார். அவருக்கு ஆன்ம வழிகாட்டியாக அமைந்தவர் புளோரன்சின் அருள்பணியாளர் ரஃபாயேலே பென்சி. அகால மரணமடைந்த இளம் குரு ஒருவரின் உடலைக் காண இருவரும் சென்றபோது, இவருடைய இடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்ற பொருளில் லொரென்சோ சொன்னதாகத் தந்தை பென்சி பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம் கர்தினால் எலியா தல்லா கோஸ்தாவின் கையால் உறுதிபூசுதல் பெற்றார். நவம்பரில் குருமடத்தில் சேர்ந்தார். நம்பிக்கை இல்லாத பெற்றோருக்கு இது பேரிடியாக இருந்தது.

1947 ஜூலை 13-ஆம் நாள் புளோரன்ஸ் பேராலயத்தில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அந்த அக்டோபரிலேயே நகரத்துக்கு அருகே உள்ள கலென்சானோ ஊரின் சான் தொனாத்தோ பங்குக்கு உதவிப் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டார். முதியவரான பங்குத்தந்தை தானியேலே பூஜி இளையவரை மகனைப் போல ஏற்றுக்கொண்டார்.

மாலைநேரப் பள்ளி

கலென்சானோ உழவர்களும் நெசவுத் தொழிலாளர்களும் வாழ்ந்த ஊர். பிள்ளைகள் சிறுவயதிலேயே வேலைக்குப் போனார்கள். இளங்குரு மறையுரை ஆற்றினார், மறைக்கல்வி நடத்தினார். மக்கள் பணிவோடு கேட்டார்கள், ஆனால் சொன்னது அவர்கள் உள்ளத்தில் பதியவில்லை. ஏன் என்று அவர் யோசித்தார். மக்களுக்கு நம்பிக்கை குறைவு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. அவர்களுக்குச் சொற்கள் இல்லை என்பதே காரணம் என்று கண்டுகொண்டார். செய்தித்தாளைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதவர், முதலாளியின் முன்னால் தம் பக்கத்து நியாயத்தைச் சொல்ல முடியாதவர், நற்செய்தியை மட்டும் எப்படிப் புரிந்துகொள்வார்?

எனவே உழைக்கும் இளைஞர்களுக்காக மாலைநேர மக்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அந்நாளில் பல பங்குகளில் இளைஞர்களை ஈர்க்கக் கால்பந்து, மேசைப்பந்து, திரைப்படம் என்று ஏற்பாடு செய்தார்கள். தந்தை மிலானிக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏழை இளைஞனுக்குக் கிடைக்கும் சொற்ப நேரத்தைப் பொழுதுபோக்கில் கரைப்பது அவனுக்குச் செய்யும் துரோகம் என்று அவர் கருதினார். உழைத்துக் களைத்து வரும் இளைஞர்கள் மொழி கற்றார்கள், செய்தித்தாள் வாசித்தார்கள், வெள்ளிக்கிழமை இரவுகளில் வெளியிலிருந்து வந்த அறிஞர்களைக் கேள்வி கேட்டார்கள்.

அக்காலத்தில் இத்தாலிய ஊர்கள் கத்தோலிக்கர் என்றும் கம்யூனிஸ்டுகள் என்றும் இரண்டாகப் பிரிந்து கிடந்தன. இவர் பள்ளியில் இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். யாரும் இது நமக்கான இடம் அல்ல என்று தயங்கக் கூடாது என்பதற்காக வகுப்பறைச் சுவரிலிருந்த பாடுபட்ட சுருபத்தைக்கூட அவர் எடுத்து வைத்தார். இது பலரைப் புண்படுத்தியது. ஆனால் சிலுவையை மறுப்பதற்காக அவர் அப்படிச் செய்யவில்லை. சிலுவையில் தொங்கியவர் எவருக்காகக் கைகளை விரித்தாரோ, அவர்களில் ஒருவர்கூட வாசலோடு திரும்பிவிடக் கூடாது என்பதே அவர் எண்ணம்.

மழையில் வந்த பங்குத்தந்தை

வெளிப்படையாகப் பேசும் குருவுக்கு எதிரிகள் சேர்வது இயல்பு. 1954 செப்டம்பரில் தந்தை பூஜி இறந்தார். அவருக்குப் பின் உதவியாளரே பங்குத்தந்தை ஆவார் என்று இளைஞர்கள் எதிர்பார்த்தனர். ஆனால் மறைமாவட்டம் அவரை முஜெல்லோ பகுதியில் ஜோவி மலைச்சரிவில் இருந்த பார்பியானாவுக்கு அனுப்பியது. 31 வயது இளங்குருவுக்கு அது நாடுகடத்தல் போன்றது. ஏறத்தாழ நூறு பேர் மட்டுமே இருந்த பங்கு. அதை மூடிவிடும் எண்ணமும் முன்பு இருந்தது. சாலை இல்லை, மின்சாரம் இல்லை, குடிநீர் இல்லை. கடைசித் தொலைவை நடந்துதான் கடக்க வேண்டும்.

1954 டிசம்பர் 7-ஆம் நாள், கொட்டும் மழையில், அவர் மலையேறி வந்து சேர்ந்தார். மறுநாளே அவர் செய்த செயல் நம்மை வியக்க வைக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் தமக்கென ஓர் இடத்தை விலை கொடுத்து வாங்கினார். இங்கே தற்காலிகமாக இருந்துவிட்டு நல்ல இடம் கிடைத்ததும் போகப் போவதில்லை, உங்களோடு வாழ்ந்து உங்களோடு புதைக்கப்படுவேன் என்று அந்த மக்களுக்குச் சொல்லாமல் சொன்ன செய்தி அது.

ஒருவர் மனத்தாங்கலோடு ஓர் இடத்துக்கு அனுப்பப்படலாம். அந்த இடத்தைத் தண்டனையாக ஏற்பதும் தம் வீடாக ஏற்பதும் அவர் கையில்தான் இருக்கிறது. தந்தை மிலானிக்கு வலி இருந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை. ஆனால் அந்த வலியை மலைப்பிள்ளைகள் மீது அவர் இறக்கி வைக்கவில்லை.

23 ஆசிரியர்கள் உள்ள பள்ளி

மலையில் இருந்த தொடக்கப்பள்ளியில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் சேர்த்து நடத்தினார். அதன் பிறகு பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு ஆடு மாடு மேய்க்கப் போனார்கள். கீழே உள்ள ஊர்ப் பள்ளிக்குப் போனவர்களோ முதல் ஆண்டிலேயே தோல்வியடைந்து, தங்களை மூடர்கள் என்று நம்பிக்கொண்டு திரும்பி வந்தார்கள். 1956-இல் தந்தை மிலானி தொடக்கக் கல்வி முடித்த ஆறு சிறுவர்களைக் கொண்டு பங்கு இல்லத்தில் பள்ளியைத் தொடங்கினார்.

1963 நவம்பரில், பியாதெனா என்ற ஊரில் உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குப் பார்பியானாப் பிள்ளைகள் ஒரு கடிதம் எழுதினார்கள். அதில் தங்கள் பள்ளியைப் பற்றி அவர்கள் தந்த விவரங்கள் சுவையானவை. அப்போது அவர்கள் 29 பேர். 26 ஆண்பிள்ளைகள், 3 பெண்பிள்ளைகள். மிகச் சிறியவனுக்கு 11 வயது, மிகப் பெரியவனுக்கு 18. பார்பியானாப் பங்கைச் சேர்ந்தவர்கள் 9 பேர் மட்டுமே. மற்றவர்கள் வேறு பங்குகளிலிருந்து வந்தார்கள். ஒரு சிறுவன் காட்டு வழியே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடந்து வந்து, மாலையில் அதே தொலைவு திரும்பிப் போனான்.

காலை 8 மணிக்குத் தொடங்கும் பள்ளி மாலை 7.30 வரை நடந்தது. உணவுக்குச் சிறிது நேரம் மட்டுமே இடைவேளை. ஆண்டுக்கு 365 நாளும் பள்ளி. லீப் ஆண்டில் 366 நாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே வேறுபாடு, அன்று திருப்பலி உண்டு. இவ்வளவு நேரமா என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு மாற்றாக இருந்தது விளையாட்டுத் திடல் அல்ல, தொழுவம். வீட்டில் 36 மாடுகளுக்குச் சாணி அள்ள வேண்டியிருந்த சிறுவனுக்குப் பள்ளி எப்போதும் மேலாகவே இருந்தது.

அந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள்? அரசு அனுப்பியவர் ஒருவரும் இல்லை. ஆனால் தங்களுக்கு 23 ஆசிரியர்கள் என்று பிள்ளைகள் பெருமையோடு எழுதினார்கள். மிகச் சிறியவர்களான ஏழு பேரைத் தவிர, மற்ற ஒவ்வொருவரும் தம்மைவிட இளையவர்களுக்குக் கற்பித்தார்கள். தந்தை மிலானி மிகப் பெரியவர்களுக்கு மட்டும் பாடம் நடத்தினார். அரசுத் தேர்வுகளைத் தனித்தேர்வர்களாகச் சென்று எழுதினார்கள்.

ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு புத்தகம்தான் இருக்கும். அதைச் சுற்றிப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காருவார்கள். அவர்களுள் ஒருவன் மற்றவர்களைவிடச் சற்றே பெரியவன் என்பதையும், அவன்தான் கற்பிக்கிறான் என்பதையும் புதிதாக வருபவர் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. தனித்தனி இருக்கைகள் இல்லை. படிக்கும் மேசையே உண்ணும் மேசை. கோடைக்காலத்தில் வெளியே பந்தலின் கீழ் வகுப்பு நடக்கும்.

இந்தப் பள்ளியின் உயிர் எங்கே இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கும் சிறுவன் எல்லாம் தெரிந்தவன் அல்ல. பிரெஞ்சு மொழியோ புவியியலோ கணக்கோ, தனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். தெரியாத இடம் வந்தால் இளையவர்களோடு சேர்ந்து அவனும் உட்கார்ந்து படித்தான். கற்பிக்கும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்பது அவனுக்கே புரிந்தது. முந்தைய ஆண்டு அவனே திணறிய இடம் எது என்பது அவனுக்கு மறக்கவில்லை. ஆகவே இளையவன் திணறும்போது அவனால் சிரிக்க முடியவில்லை, பொறுமையாக இருக்க முடிந்தது.

மந்தமானவன் என்று ஒதுக்கப்பட்ட சிறுவன் அங்கே வந்தால், பள்ளியே தனக்காக நடப்பதுபோல அவனுக்குத் தோன்றும். அவனுக்கு விளங்கும் வரை பாடம் நகராது. வேகமானவனுக்கு இது இழப்பு அல்லவா என்று நாம் கேட்கலாம். பார்பியானாவின் பிள்ளைகள் அப்படி நினைக்கவில்லை. என் தொல்லையும் அடுத்தவன் தொல்லையும் ஒன்றுதான், அதிலிருந்து நான் மட்டும் தப்பித்துக்கொள்வது கருமித்தனம், எல்லோரும் சேர்ந்து வெளியேறுவதே சரியான வழி என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயனின் கதையை அவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை, அன்றாடம் வாழ்ந்து பார்த்தார்கள்.

சுவரில் ஆங்கிலச் சொற்கள் இரண்டை எழுதி வைத்திருந்தார் தந்தை. இது என் அக்கறைக்கு உரியது என்பது அவற்றின் பொருள். எனக்கென்ன என்ற பாசிச முழக்கத்துக்கு நேர் எதிரான சொற்கள் அவை என்று அவர் விளக்கினார்.

கையால் செய்தவை

பங்கு இல்லத்தின் இரண்டு அறைகள் பட்டறையாக மாறின. மரவேலையும் இரும்பு வேலையும் கற்று, பள்ளிக்குத் தேவையான பொருள்களைப் பிள்ளைகளே செய்தார்கள். மேசை நாற்காலிகள், நிலப்படங்கள், விண்மீன்களின் நிலையை அறியும் கருவி எல்லாம் அவர்கள் கைவேலை. மலைப்பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் பயம். எனவே சிறு நீச்சல் குளம் ஒன்றையும் கட்டினார்கள். பனிக்காலத்தில் சறுக்கு விளையாட்டும் உண்டு. ஆனால் நீச்சலையும் சறுக்கையும் அவர்கள் விளையாட்டு என்று சொல்லவில்லை, அவையும் பாடமே.

நாள்தோறும் செய்தித்தாளை வரி வரியாக வாசித்தார்கள். புரியாத சொல் வந்தால் அதன் வேரைத் தேடிப் போவார்கள். இத்தாலியின் அரசியல் சட்டத்தைப் படித்தார்கள். இசைத்தட்டுகளைக் கேட்டு அயல்மொழிகள் பயின்றார்கள். பதினைந்து, பதினாறு வயதானதும் இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று வேலைக்கும் மொழிப் பயிற்சிக்கும் துணிந்து புறப்பட்டார்கள். அங்கிருந்து எழுதிய கடிதங்கள் மலையில் உரக்க வாசிக்கப்பட்டன. பேராசிரியர்களும் அரசியல்வாதிகளும் பார்வையிட வந்தால் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பெண்பிள்ளைகள் குறைவாகவே வந்தனர். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்ற எண்ணம் அந்த மலைப்பகுதிப் பெற்றோரிடம் வேரூன்றியிருந்தது. இதையும் பிள்ளைகள் தங்கள் எழுத்தில் வருத்தத்தோடு பதிவு செய்தார்கள்.

சேர்ந்து எழுதுதல்

பியாதெனாவில் ஆசிரியராக இருந்தவர் மரியோ லோதி. அவர் 1963-இல் பார்பியானாவுக்கு வந்து போனார். இரு பள்ளிகளின் பிள்ளைகளும் கடிதம் எழுதிக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கடிதத்தை எழுதும்போதுதான் பார்பியானாவில் கூட்டாக எழுதும் முறை உருவானது.

முறை எளியது. ஒவ்வொருவரும் சட்டைப்பையில் துண்டுச் சீட்டுகள் வைத்திருப்பார்கள். தோன்றும் எண்ணத்தை ஒரு சீட்டுக்கு ஒன்றாக எழுதிக்கொள்வார்கள். பிறகு எல்லாச் சீட்டுகளையும் பெரிய மேசையில் பரப்புவார்கள். ஒரே கருத்து இருமுறை வந்தால் ஒன்றை நீக்குவார்கள். உறவுடையவற்றைச் சேர்த்துக் குவியலாக்குவார்கள். குவியல்கள் அதிகாரங்களாகும், பத்திகளாகும். வரிசை முடிவானதும் எழுதத் தொடங்குவார்கள். அதன் பிறகு வெட்டும் வேலை. தேவையற்ற சொல், கடினமான சொல், ஒரே வாக்கியத்தில் இரண்டு கருத்து, எதுவும் மிஞ்சாது. எழுதியதை வெளியார் சிலருக்கு வாசித்துக் காட்டுவார்கள். அதிகம் படிக்காதவருக்கும் புரிந்தால்தான் அது தேறும்.

அச்சமுள்ள சிறுவனின் ஒரு சீட்டும் அறிவாளிச் சிறுவனின் ஒரு சீட்டும் அந்த மேசையில் சமம். யாருடைய கருத்து என்று பெயர் தெரியாது. இறுதியில் வருவது எல்லோருடையதும்.

சோதனைகள்

இதற்கிடையே வெளியே புயல்கள் வீசின. கலென்சானோ அனுபவத்தைக் கொண்டு தந்தை மிலானி எழுதிய மேய்ப்புப்பணி அனுபவங்கள் என்ற நூல் 1958-இல் திருச்சபை அனுமதியோடு வெளிவந்தது. ஆனால் அந்த ஆண்டு டிசம்பரிலேயே, நூலை விற்பனையிலிருந்து விலக்க உரோமைத் திருப்பீடத்தின் புனித அலுவலகம் ஆணையிட்டது. அவர் கீழ்ப்படிந்தார். புளோரன்ஸ் பேராயர் எர்மெனெஜில்தோ ஃபுளோரித்துடன் அவருக்கிருந்த உறவும் கசப்பாகவே தொடர்ந்தது. ஆயினும் திருச்சபையை விட்டுப் போகும் எண்ணம் அவருக்கு ஒருபோதும் வரவில்லை. பாவமன்னிப்பு அடிக்கடி தேவைப்படும் தமக்கு, அதைத் தருகிற தாயை விட்டு எங்கே போவது என்பதே அவர் நிலை.

1965 பிப்ரவரியில் தஸ்கனிப் பகுதியின் ஓய்வுபெற்ற இராணுவ ஆன்ம குருக்கள் சிலர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். மனச்சான்றின் பெயரால் படைச்சேவையை மறுப்பது கோழைத்தனம் என்று அது இகழ்ந்தது. செய்தித்தாளில் வந்த அந்த அறிக்கையை வகுப்பில் வாசித்தார்கள். அப்படி மறுத்த இளைஞர்கள் அப்போது சிறையில் இருந்தனர். சிறையில் இருப்பவரை இகழ்வது சரியா என்று கேட்டு, தந்தை மிலானி மாணவர்களோடு சேர்ந்து நாட்டின் போர்களின் வரலாற்றை ஆராய்ந்து பதில் எழுதினார். மார்ச் மாதம் ரினாஷித்தா என்ற கம்யூனிஸ்டு வார இதழில் அது வெளிவந்தது. குற்றத்தை ஆதரித்தார் என்று அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

அதற்குள் அவர் உடல் தளர்ந்திருந்தது. 1960-இல் ஹாட்ஜ்கின் என்னும் நிணநீர்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது. உரோமை நீதிமன்றத்துக்குச் செல்ல இயலாமல், 1965 அக்டோபரில் நீதிபதிகளுக்குத் தம் தரப்பைக் கடிதமாக எழுதி அனுப்பினார். மாணவர்களுக்கு முன்னால் தாம் மௌனமாக இருந்திருந்தால் அது எத்தகைய பாடமாகியிருக்கும் என்பதே அதன் மையம். 1966 பிப்ரவரி 15-ஆம் நாள் விடுதலைத் தீர்ப்பு வந்தது. அரசுத்தரப்பு மேல்முறையீடு செய்தது. அதன் தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1972-இல் மனச்சான்று மறுப்பை இத்தாலியச் சட்டமே ஏற்றுக்கொண்டது.

கடைசிப் பாடம்

பார்பியானாவில் படித்த இரு சிறுவர்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் தோல்வியடைய, அது எல்லோரையும் சிந்திக்க வைத்தது. எட்டு மாணவர்கள் ஓராண்டு உழைத்து, பள்ளிகளிலிருந்து தோற்று வெளியேறும் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எண்ணிக்கைகளோடு ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார்கள். 1962-இன் சட்டம் நடுநிலைக் கல்வியை எல்லோருக்கும் பொதுவாக்கியிருந்தது. ஆனால் உழவரின் பிள்ளையும் தொழிலாளியின் பிள்ளையும் வழியிலேயே கழித்துவிடப்பட்டார்கள். நோயாளியை விரட்டிவிட்டு நலமாய் இருப்பவரைக் கவனிக்கும் மருத்துவமனை போலப் பள்ளி இருக்கிறது என்பது அவர்கள் முறையீடு. ஓர் ஆசிரியைக்குக் கடிதம் என்ற அந்த நூல் 1967 மே மாதம் வெளிவந்தது. ஆசிரியரின் பெயராக அட்டையில் இருந்தது பார்பியானாப் பள்ளி என்பது மட்டுமே.

தந்தை மிலானி தம் கட்டிலருகே மாணவர்களை வைத்துக்கொண்டு அந்த நூலின் திருத்தங்களைக் கவனித்தார். பேசவே இயலாத நிலை வந்தபோதும் பாடம் நிற்கவில்லை. இறுதி மாதங்களில் புளோரன்சில் தாயின் வீட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே 1967 ஜூன் 26-ஆம் நாள், 44-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். தம் பிள்ளைகளைக் கடவுளைவிட அதிகமாக நேசித்துவிட்டதாகவும், கடவுள் அந்த நுணுக்கங்களைப் பார்க்காமல் எல்லாவற்றையும் தம் கணக்கிலேயே எழுதிக்கொள்வார் என்று நம்புவதாகவும் அவர் எழுதி வைத்திருந்தார். 1954-இல் வாங்கிய அந்தக் கல்லறையில், திருப்பலி உடையோடும் மலையேறும் காலணிகளோடும் அவரை அடக்கம் செய்தார்கள்.

குறையும் நிறையும்

தந்தை மிலானி குறையற்றவர் அல்லர். கோபக்காரர். சொல் கடுமையானது. கண்டிப்பு சில நேரம் எல்லை மீறியது. நேர்மையாக உழைத்த ஆசிரியர்களையும் அந்த நூலின் கடுமை காயப்படுத்தியிருக்கும். புனிதர் என்று சொல்லி அவரை எட்டாத உயரத்தில் வைத்தால், அவர் செய்தது நம்மால் முடியாதது என்று நாம் தப்பித்துக்கொள்வோம்.

அவர் இறந்த பின் மலையில் ஆள் குறைந்து பள்ளியும் நின்றது. ஆனால் அவர் வீட்டில் வளர்ந்த மிக்கேலே ஜெசுவால்தி என்ற மாணவர் தொழிற்சங்கத்தில் பணியாற்றி, பின்னாளில் புளோரன்ஸ் மாகாணத்தின் தலைவரானார். 1958-இன் தடை இனிச் செல்லாது என்று 2014-இல் உரோமை அறிவித்தது. 2017 ஜூன் 20-ஆம் நாள், மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த மலைக்குச் சென்று, அந்தக் கல்லறையின் முன் மௌனமாகச் செபித்தார். தம் ஆயர் தம்மைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஏங்கிய குருவுக்கு, ஐம்பது ஆண்டுகள் கழித்து உரோமையின் ஆயரே நேரில் வந்தார்.

நாம் சிந்திக்க

பார்பியானாவில் பணம் இல்லை, கட்டடம் இல்லை, போதுமான புத்தகம் இல்லை. இருந்தவை ஒரு மேசை, அதைச் சுற்றிச் சில பிள்ளைகள், என் தம்பி கற்றுக்கொள்ளும் வரை நான் முன்னே போகமாட்டேன் என்ற ஓர் உறுதி. பெரியவர் ஒருவர் உடனிருந்தார். ஆனால் எல்லாவற்றையும் தாமே செய்யவில்லை. பிள்ளைகளை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தார்.

நம் பங்குகளில் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பூட்டிக்கிடக்கும் மன்றங்கள் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் உண்டு, எட்டாம் வகுப்பில் திணறும் பிள்ளைகளும் உண்டு. இருவரும் ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒரு மேசையில் அமர்வதில்லை. முன்னவன் பின்னவனுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கொடுத்தால் இருவருமே கற்றுக்கொள்வார்கள். அதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். கதவைத் திறந்து வைக்க ஒருவரும், கடைசிப் பிள்ளையின் பெயரைத் தெரிந்து வைத்திருக்க ஒருவரும் போதும்.

இனித் தேர்வு முடிவோடு பிள்ளை வீட்டுக்கு வரும்போது, எத்தனையாவது ரேங்க் என்று கேட்ட பிறகு இன்னொரு கேள்வியையும் நாம் கேட்போம். உன் வகுப்பில் யாருக்குப் பாடம் புரியவில்லை, அவனுக்கு நீ சொல்லிக்கொடுத்தாயா? இந்தக் கேள்வியைக் கேட்கும் வீடுகள் பெருக, கடையரைத் தேடி வந்த ஆண்டவர் நமக்குத் துணைபுரிவாராக.